ஒன்றரை டன் பாவம்

ஏ.சி. கடைக்குள் நுழைந்ததும் விற்பனைப் பையன் கேட்ட முதல் கேள்வி: "ஒரு டன்னா சார், ஒன்றரை டன்னா?"

நான் பி.காம். படித்தவன். டன் என்றால் எடை என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "பழைய வீடு தம்பி... சுவர் தாங்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

பையன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. என் சகதர்மிணி பயிற்சி எடுக்காதவள். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

அவமானம் தாங்காமல் பிற்பாடு விசாரித்தேன். ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகி முடிக்கும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை என்ன வேகத்தில் உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் உறிஞ்சுகிற இயந்திரம்தான் ஒரு டன் ஏ.சி. ஐஸ் கட்டி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்துக் கணக்கு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதற்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வந்ததே இந்த வியாபாரத்தால்தான். 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, மரத்தூளில் பொதித்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். மதராஸ் துரைமார்களின் குளிர்ச்சிக்கு பாஸ்டனிலிருந்து கப்பல் வந்தது. என் குளிர்ச்சிக்கு பேங்க்கிலிருந்து மாதாமாதம் ஈ.எம்.ஐ. எஸ்.எம்.எஸ். வருகிறது.

ஒன்றரை டன்னே வாங்கினோம்.

*

எங்களுடையது தரைத்தளம். வீட்டுக்கும் எதிர் காம்பவுண்டுக்கும் நடுவே எட்டடிச் சந்து. ஏ.சி. மாட்ட வந்த மெக்கானிக், வெளியே வைக்கிற பெட்டியைச் சந்துப் பக்கச் சுவரில் ஆளுயரத்தில் முடுக்கினார். சந்தில் இஸ்திரிக்காரப் பெரியவரின் தள்ளுவண்டி. இருபது வருஷமாக எங்கள் தெருவின் மடிப்புகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. முன்பு தெருமுனைப் பூவரசு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரத்தைச் சாய்த்தது. மரம் போனதும், எங்கள் சுவரின் நிழலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"பெரியவரே, கொஞ்சம் காத்து சூடா வரும். பரவாயில்லையா?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"நெருப்பு கூட நிக்கிறவன் சார் நான். இதுக்கின்னா?" என்றார்.

நிம்மதியாக உள்ளே போய் ரிமோட்டை எடுத்தேன்.

அந்த அக்னி நட்சத்திரத்தில் பெங்களூரிலிருந்து என் மச்சினன் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை, அதாவது எங்கள் வீட்டிலிருந்து. காலை ஒன்பது மணிக்கு ஏ.சி.யை 18-ல் வைப்பான். பத்து மணிக்குக் குளிர்கிறது என்று போர்வை கேட்பான். போர்வைக்குள் லேப்டாப்போடு சாயங்காலம் வரை இருப்பான். நான் 24 என்று மாற்றிவிட்டு ஆபீஸ் போவேன். தெரு திரும்புவதற்குள் அது 18 ஆகிவிடும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை குத்திய ஏ.சி.கள் 24-ல்தான் துவங்க வேண்டும் என்று மத்திய அரசே விதி செய்திருக்கிறது. அரசாங்கம் என் மச்சினனைச் சந்தித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு புவி வெப்பமடைதலில் வந்து நின்றது.

"எல்லாம் ரீல் மாமா. காத்துல கரியமில வாயு எவ்வளவு தெரியுமா? நூத்துல 0.04 பங்கு. அது போய் பூமியைச் சுட வைக்குமா?"

சகதர்மிணி அடுக்களையிலிருந்து சொன்னாள்: "ஒரு குண்டான் பாலுக்கு ஒரு ஸ்பூன் மோர்தான்டா ஊத்தறேன்."

அறிவியல்படி அந்த உதாரணம் நிற்காது. ஆனால் வாயை அடைக்க அது போதும். அறிவியல்படி விஷயம் இப்படி: காற்றில் நைட்ரஜன் 78 சதவிகிதம், ஆக்ஸிஜன் 21, மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். மூன்றுமே பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. "போய்ட்டு வாங்க" என்று வழிவிட்டுவிடும். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்கள், நீராவியும் கரியமில வாயுவும் இன்னும் சில சில்லறை வாயுக்களும்தான். ஆயிரம் பேர் வேலை செய்கிற ஆபீஸில் வாட்ச்மேன் நாலு பேர்தானே என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாட்ச்மேன்கள் இல்லவே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இருந்திருக்கும். மச்சினன் வைக்கிற எண்தான், முன்னால் ஒரு மைனஸ்.

ஆகவே போர்வை நல்லது. போர்வை கனத்துக்கொண்டே போவதுதான் வில்லங்கம்.

இது நேற்றைக்குக் கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற அம்மாள் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுவை அடைத்து, தெர்மாமீட்டரைச் செருகி வெயிலில் வைத்தார். கரியமில வாயு அடைத்த குழாய்தான் மற்றதைவிட அதிகம் சுட்டது. ஆறுவதற்கும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. அவர் கட்டுரையை மாநாட்டில் வாசித்தது ஓர் ஆண். 1896-ல் ஸ்வீடனில் ஸ்வான்ட்டே அரீனியஸ் என்கிற விஞ்ஞானி, கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கையாலேயே கணக்குப் போட்டு, கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்றார். இன்றைய மதிப்பீடுகளைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் கணக்கின் திசை சரி. சூடானால் நல்லதுதானே என்றும் நினைத்தார் மனிதர். டிசம்பர் மாதத்தில் ஸ்வீடனில் உட்கார்ந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"சூரியனே சூடாகியிருக்கலாமில்ல?" என்றான் மச்சினன், விடாமல்.

நியாயமான கேள்வி. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் கீழ்த்தளமும் மேல்தளமும் சேர்ந்து சுட வேண்டும். நடப்பது வேறு. கீழே சுடுகிறது, மேலே, ஸ்ட்ரட்டோஸ்ஃபியரில், குளிர்ந்துகொண்டு வருகிறது. போர்வைக்குள் இருப்பவனுக்குத்தான் வேர்க்கும். போர்வைக்கு வெளியே அந்தச் சூடு போய்ச் சேராது.

மச்சினன் தன் போர்வையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

*

மறு வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸுக்கு போன் வந்தது. பெரியவர் வண்டிமேலேயே சரிந்துவிட்டாராம். நல்லவேளை, கரிப்பெட்டி மறுபக்கம் இருந்தது. மச்சினன்தான் முதலில் ஓடியிருக்கிறான். அவனே ஆட்டோ பிடித்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

நான் போனபோது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. "வெயில்தான். உடம்புல தண்ணி வத்திப்போச்சு. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா சிக்கல்" என்றார் டாக்டர். சின்ன வயசு. அன்றைக்கு அதே மாதிரி அவருக்கு மூன்றாவது கேஸ் என்றார்.

டாக்டர் சொன்னதை ஒரு மண்பானையை வைத்துப் புரிந்துகொண்டேன். பானையிலிருந்து கசிகிற ஈரம் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் குளிர்கிறது. நம் உடம்பும் அதே பானைதான். வேர்வைதான் அதன் கசிவு. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாது, வழியத்தான் செய்யும். வழிகிற வேர்வையால் சட்டைக்கு நஷ்டம், உடம்புக்கு லாபம் இல்லை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 35 டிகிரி காட்டுகிற இடத்தில், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற திடகாத்திரமான ஆளே சில மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம் என்கிறார்கள். நெருப்புப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு அதற்கு ரொம்ப முன்பே ஆபத்து. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக நீராவியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். சென்னை மாதிரி கடலோர ஊருக்கு அது வெயில் காலத்தில் புழுக்கம். மழைக் காலத்தில் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டல். ஒவ்வொரு வெள்ளத்தையும் இந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதும் உண்மை. ஏரியில் வீடு கட்டினதற்கு வாயுவைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் வெயில் விஷயத்தில் சந்தேகம் குறைவு. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் பட்டியலில் சேர்த்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பக்கத்தில் இப்போது வெயிலும்.

பெரியவர் கண் திறந்ததும் முதலில் கேட்டது: "மாடி வூட்டம்மா பட்டுப் பொடவ வண்டிலயே கீதே, யார்னா எடுத்து வெச்சீங்களா?"

*

அன்றைக்கு ராத்திரி நான் ஏ.சி. போடவில்லை. தியாகம் எல்லாம் இல்லை. தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஏ.சி. குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. சுத்தமான ஜர்னல் என்ட்ரி: ஓர் இடத்தில் பற்று, இன்னோர் இடத்தில் வரவு. ஒன்றரை டன் பெட்டி முழு மூச்சில் ஓடும்போது அறையிலிருந்து ஐந்து கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. எடுப்பதற்கு அது தின்கிற மின்சாரம் ஒன்றரை கிலோவாட். அதுவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ஆக மொத்தம் ஆறரை கிலோவாட். வீட்டில் இருக்கிற மின்சார இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். அதாவது எட்டடிச் சந்தில் நிற்கிற ஒரு கிழவர் மேல் ஆறரை இஸ்திரிப் பெட்டிகளை நாள் முழுக்கத் திருப்பி வைத்திருந்திருக்கிறோம். அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று.

அவர் விழுந்ததற்கு முழுக் காரணமும் என் ஏ.சி.தான் என்று சொன்னால் அதுவும் ஒரு தற்பெருமை. வயசு, வெயில், கரி, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் என் பங்கு பூஜ்யம் இல்லை.

இது சந்துக் கணக்கு. உலகக் கணக்கு இதைவிடப் பெரிது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. என் பெட்டி ராத்திரிக்கு 9 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் மழை மாதங்கள் போக வருஷத்துக்கு 240 ராத்திரி. 2,160 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியில் வருவதால், சராசரியாக ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு. பெருக்கிப் பார்த்தேன். 1,512 கிலோ.

ஒன்றரை டன்!

கடைக்காரப் பையனிடம் நான் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. சுவர் தாங்கும். வானம் தாங்குமா என்று கேட்டிருக்க வேண்டும்.

"பெரியவரும்தான் கரி எரிக்கிறார்" என்று நீங்கள் சொல்லலாம். எரிக்கிறார். ஆனால் அது விறகுக் கரி. மரம் பத்து வருஷம் முன்பு காற்றிலிருந்து எடுத்ததை இப்போது திருப்பிக் கொடுக்கிறார். மறுபடி மரம் முளைத்தால் கணக்கு நேர். அது சேவிங்ஸ் அக்கவுண்ட். நிலக்கரி என்பது 25, 30 கோடி வருஷம் முன்பு புதைந்துபோன காடு. ஃபிக்சட் டெபாசிட். நாமெல்லாரும் சேர்ந்து இருநூற்றுச் சொச்சம் வருஷத்தில் அந்த டெபாசிட்டை உடைத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். இப்போதைய செலவு, வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு. அதில் பாதியைக் கடலும் காடுகளும் ஏற்றுக்கொள்கின்றன. மீதிப் பாதி காற்றிலேயே தங்கிவிடுகிறது.

எங்கள் கல்லூரியில் டிரையல் பாலன்ஸ் சரியாக வராவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. வித்தியாசத்தை எடுத்து சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிடுவோம். இரண்டு பக்கமும் நேராகிவிடும். பாஸ் மார்க் நிச்சயம். உலகமும் அதைத்தான் செய்தது. ரயில் ஓடியது, ஆலை ஓடியது, அறை குளிர்ந்தது. எல்லாம் லாபத்தில் எழுதியாயிற்று. புகையை மட்டும் காற்று என்கிற சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளியாயிற்று. அந்தப் பேரேட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை, 1958 வரைக்கும். அந்த வருஷம் சார்லஸ் கீலிங் என்கிற ஆசாமி ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் கருவியை வைத்து அளக்க ஆரம்பித்தார். ஆலைகள் வருவதற்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, கீலிங் தொடங்கியபோது சுமார் 315. 2025 மே மாதம் 430-ஐத் தாண்டியது. வருஷத்துக்குள் காடுகள் துளிர்க்கிறபோது கொஞ்சம் இறங்கும், இலை உதிர்ந்து மக்குகிறபோது ஏறும். ஆனால் ஒரு வருஷம் கூட குளோசிங் பாலன்ஸ் குறைந்ததில்லை.

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறோம். "இந்த வருஷம் அவ்வளவாக அதிகரிக்கவில்லை" என்று செய்தி வந்தால், கடன் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். குறைந்தது புதுக் கடன் வாங்குகிற வேகம். பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் ஏறின சூடு நம் ஆயுளில் இறங்காது. மேற்கொண்டு ஏறுவது நிற்கும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' கூடப் பெரிய விஷயம். 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை பழைய கணக்கைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம். அதுவரை அளந்ததிலேயே அதுதான் சூடான வருஷம். 2015-ல் பாரிஸில் எல்லாரும் கூடி, முடிந்தால் 1.5-க்குள் நிறுத்துவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு வருஷம் தாண்டினதால் ஒப்பந்தம் முறிந்துவிட்டதாக அர்த்தமில்லை. பல வருஷச் சராசரிதான் கணக்கு. ஆனால் நோட்டீஸ் வந்துவிட்டது.

பில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். 1850-லிருந்து சேர்ந்த பாக்கியில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இன்றைக்கும் அங்கே தலைக்கு வருஷம் சுமார் 14 டன். நமக்குத் தலைக்கு 2 டன். "ஆகவே நம்மேல் தப்பில்லை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் அந்த 2 டன்னும் சராசரிதான். என் ஒரு பெட்டியே ஒன்றரை டன். அப்படியானால் பெரியவரின் பங்கு என்ன? அவர் வீட்டில் ஒரு ஃபேன். அமெரிக்காவுக்கு நான் யாரோ, எனக்கு அவர் அதே.

ஏ.சி.யே பாவம் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்த வார்டில் ஏ.சி. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த ஒயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி: நிலக்கரி உலையா, முப்பந்தல் காற்றாலையா? அதை நான் ஒருத்தன் ரிமோட்டால் மாற்ற முடியாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் கேட்கலாம். ரிமோட்டால் முடிந்தது, 18-ஐ 26 ஆக்கி, மேலே ஃபேனைச் சுற்ற விடுவது.

*

பெரியவருக்கு ஒரு வாரம் வேலை இல்லை. மச்சினன் தன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொடுத்துவிட்டு, "அட்வான்ஸ், துணியா கழிச்சுக்குங்க" என்று சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றினான். 26-ல் வைக்கவும் ஆரம்பித்தான். போர்வை மடித்து அலமாரிக்குப் போய்விட்டது.

நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வெளிப்பெட்டியை மொட்டைமாடிக்கு மாற்றச் சொன்னேன். வீட்டுக்காரர் அனுமதிக்கு இரண்டு நாள், செப்புக் குழாய் மீட்டர் கணக்கில் தனிச் செலவு. உள்ளிருக்கும் வாயுவைப் 'புஸ்' என்று காற்றில் விடப் போன மெக்கானிக்கைத் தடுத்து, அதைப் பெட்டிக்குள்ளேயே இறுக்கி மூடச் சொன்னேன். அந்த வாயு ஒரு கிலோ வெளியேறினால், 600 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்ட கணக்கு. மெக்கானிக் என்னை விநோதமாகப் பார்த்தார். "எல்லாரும் விடறதுதானே சார்?" என்றார். மனித குலத்தின் சார்பில் அவர் பேசியது போலிருந்தது.

பெரியவர் திரும்பி வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஓட்டை.

"இன்னா சார், எடுத்துட்டியா?"

"மாடிக்கு மாத்திட்டேன் பெரியவரே. இனிமே அந்தச் சூட்டுக் காத்து உங்க மேல அடிக்காது."

கரியை ஊதிக்கொண்டே கேட்டார்: "அப்ப அது எங்க போவுது?"

"மேல போயிடும்."

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேல யாரு கீறாங்க சார்?"

சட்டை இரண்டு, பேன்ட் இரண்டு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.